பிளாக் சமன்பாடுகள் நேரியல் என்றால் காந்த ஒத்ததிர்வில் கேயாஸ் எங்கிருந்து வருகிறது? லேசரில் வருவதும் அதுதானா?

மாணவப் பருவத்தில் என்னையும் நெடுநாள் குழப்பிய கேள்வி இது. பிளாக் சமன்பாடுகள் என்பவை காந்தப்புலத்தில் அணுக்கருக்களின் மொத்தக் காந்தமாக்கம் எப்படி மாறுகிறது என்று சொல்பவை; கேயாஸ் என்பது தொடக்கத்தின் நுண்ணிய வேறுபாடுகூடப் பெருகி, முன்கணிக்க முடியாமற்போகும் நடத்தை. வெளியிலிருந்து செலுத்தப்படும் ரேடியோ அலைக்கு மட்டுமே அணுக்கருக்கள் ஆட்படும்வரை உங்கள் ஐயம் நியாயமானதே. அங்கே கேயாஸுக்கு இடமில்லை. ஆனால் மாதிரியின் காந்தமாக்கம் அதைச் சூழ்ந்த கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த மின்னோட்டத்தின் புலம் திரும்பி வந்து அதே காந்தமாக்கத்தைத் திருப்பத் தொடங்கினால், புலமே காந்தமாக்கத்தைச் சார்ந்துவிடுகிறது. சமன்பாட்டில் இரண்டின் பெருக்கற்பலன் நுழைந்து நேரியல் தன்மை போய்விடுகிறது.

லேசரிலும் இதே கதைதான், சுருளுக்குப் பதில் ஆடிகள். ஒளிப்புலம், அணுக்களின் முனைவாக்கம் (ஒளி அவற்றில் தூண்டும் மின் இருமுனை அலைவு), கிளர்வுற்ற அணுக்களின் மிகுதி ஆகிய மூன்றுக்குமான சமன்பாடுகள், 1963இல் வானிலையியலாளர் லோரென்ஸ் வெப்பச்சலனத்துக்கு எழுதியவற்றோடு மாறிகளின் பெயரளவில் மட்டுமே வேறுபடுகின்றன என்று இயற்பியலாளர் ஹாக்கன் 1975இல் காட்டினார். அழகான முடிவுதான், ஆய்வகத்தில் எளிதில் அகப்படுவதில்லை. ஆடிகளுக்கிடையே உள்ள ஒளி மற்ற இரண்டின் தேய்வு வீதங்களின் கூட்டுத்தொகையைவிட வேகமாகத் தேய வேண்டும். ஆற்றலூட்டமும் லேசர் தொடங்கும் வரம்பைப்போல் குறைந்தது 9 மடங்கு இருக்க வேண்டும். தொலை அகச்சிவப்பு அம்மோனியா லேசரில்தான் இதற்கு நெருக்கமான நடத்தையை வைஸும் புரோக்கும் 1986இல் கண்டார்கள்.

கார்பன் டைஆக்சைடு லேசரில் முனைவாக்கம் மிக விரைவில் தேய்ந்து புலத்தின் பின்னாலேயே ஓடுவதால் மிஞ்சுவன இரண்டு மாறிகள். ஒரு தளத்தில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள முடியாது என்பதால் இரண்டு மாறிகளைக் கொண்டு கேயாஸ் பிறக்காது. ஆகவே 1982இல் அரேச்சி குழுவினர் ஒளியிழப்பைச் சீரான காலமுறையில் ஏற்றி இறக்கி, விடுபட்ட அந்த மூன்றாவது மாறியை வெளியிலிருந்து சேர்த்தார்கள். சூரிச்சில் உருவான ரூபி அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு லேசரில் (அலுமினிய அணுக்கருக்கள், ரேடியோ அலைவெண்) இப்படி மற்றவற்றின் பின்னால் ஓடி அடிமையாவது முனைவாக்கம் அன்று, சுருளின் புலம்; மருந்து மட்டும் அதேதான், சுருளுள்ள மின்சுற்றின் தர எண்ணை (இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவை) அசைத்தார்கள். எனக்கு இந்த இணை லோரென்ஸ் ஒப்புமையைவிடப் பயனுள்ளதாகப் படுகிறது.

அப்படியானால் வெளி அசைவே இல்லாமல் காந்த ஒத்ததிர்வில் கேயாஸ் வராதா என்றால், வரும். சுருளின் எதிர்வினையோடு தொலைவிலுள்ள தற்சுழற்சிகளின் (சிறு காந்தங்களாக இயங்கும் அணுக்கருக்களின்) இருமுனைப் புலமும் சேரும்போது, சாதாரணக் கரைசல்களிலேயே அது நிகழ்கிறது என்று வாரன் குழுவினர் 2000இல் காட்டினார்கள். சரிவுப் புலத்தால் (இடத்துக்கிடம் வலிமை மாறும் காந்தப்புலத்தால்) நசுக்கி அழித்துவிட்டதாக நினைத்த காந்தமாக்கம், சிறிது நேரங்கழித்து, ஒவ்வொரு முறையும் வேறுவேறு வடிவில், மீண்டும் சமிக்ஞையாக எழுந்துவந்தது.