எல்லாம் டென்ஷன்தானா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 47 வயது. பள்ளியில் வேலை. வீட்டில் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். சில மாதங்களாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மேல் முதுகு இறுக்கிப் பிடிக்கிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. "டென்ஷனைக் குறை, போதும்" என்கிறார்கள். டென்ஷனால் ஹார்ட் அட்டாக் வருமா?

பதில்: வரலாம். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணங்களில் மன அழுத்தத்தையும் சேர்த்தது. பேரதிர்ச்சியில் இதயத் தசை திடீரெனத் தளர்ந்துபோகும் 'டகோட்சுபோ' என்ற பாதிப்பும் உண்டு. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அது வருகிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது டென்ஷன் இல்லை. படி ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் போகிறது என்கிறீர்களே, அதுதான். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் மூச்சுத்திணறல், முதுகு அல்லது தாடை வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் அது வரும். வீட்டில் அதை 'கேஸ்' என்பார்கள். சில சமயம் மருத்துவர்களே அப்படிச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

என்னிடம் வரும் பெண்கள் பலர் கவலையைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறார்கள். பிரஷர் எவ்வளவு என்று கேட்டால், "பார்த்து ரொம்ப நாளாச்சு" என்பார்கள். அதே இன்டர்ஹார்ட் ஆய்வில், சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் ஆண்களைவிடப் பெண்களுக்கே மாரடைப்பு அபாயத்தை அதிகம் கூட்டியிருந்தன. டென்ஷன் மேல் பழியைப் போட்டுவிட்டு இந்த இரண்டையும் கோட்டைவிடக் கூடாது.

இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வேகமாகப் படி ஏற வேண்டாம். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி எல்லாம் பார்ப்பார்கள். ஓய்வில் எடுத்த ஈசிஜி நார்மல் என்றால் அடைப்பே இல்லை என்று அர்த்தமில்லை; எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் (நடக்கவிட்டு எடுக்கும் ஈசிஜி) தேவையா என்று கேளுங்கள். கர்ப்ப காலத்தில் பிரஷரோ சர்க்கரையோ இருந்திருந்தால், பிள்ளைகள் வளர்ந்துவிட்டாலும் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

உட்கார்ந்திருக்கும்போதே வலியோ மூச்சுத்திணறலோ வந்தால், வியர்த்துக் கொட்டினால், சோடா குடித்துப் பார்க்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

சரி, டென்ஷனுக்கு என்ன வழி? யோகா நல்லதுதான். ஆனால் ராத்தூக்கம் கெட்டால் பிரஷரும் ஏறும். மாமியாரின் பிள்ளைகள் முறைபோட்டு இரவில் கண்விழிக்கட்டும். கேட்கத் தயங்கினால், டாக்டர் சொன்னார் என்று என் பேரைச் சொல்லிவிடுங்கள்.