ஹெட் கேஸ்கெட் போனால் படகு எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டுமா?

எஞ்சினின் உடற்பகுதியான சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இறுக்கப்படும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். எரியும் வாயு, எண்ணெய், தண்ணீர் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் அது காக்கிறது. குக்கர் மூடியின் ரப்பர் வளையம் போலத்தான்: மூடியே நெளிந்திருந்தால் புது வளையமும் நிற்காது. அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட்டும் அப்படியே நெளியும். ஆகவே கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். ஹெட் சமதளமாக இருக்கிறதா என்று பார்த்து, நெளிந்திருந்தால் சீவ வேண்டும்.

எண்ணெய்க் குச்சியில் பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு ஒட்டினால் எண்ணெயில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளையும் கழற்றிப் பாருங்கள். ஏற்கெனவே எண்ணெய் குடித்து நீலப்புகை விட்ட எஞ்சின் என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், சிலிண்டரின் உள்ளுறையான லைனர் ஆகியவற்றின் வேலையையும் சேர்த்தே முடிக்கலாம். கடலூர் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே இதற்குத் தோது.

கேஸ்கெட் போனாலே எஞ்சின் ஆயுள் முடிந்தது என்று பலர் நினைப்பது தவறு. பல நேரங்களில் குற்றவாளி, எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாய் அடைத்துக்கொண்டதுதான்.