மாறிக்கொண்டே இருக்கும் மச்சத்தை எங்கே காட்டுவது?

முதுகில் இருக்கும் மச்சம் சில மாதங்களாகப் பெரிதாகி நிறம் மாறுகிறது, வீட்டுக்குப் பக்கத்திலேயே லேசர் சென்டர் இருக்கிறது, அங்கே எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். முதலில் அது என்னவென்று தெரியட்டும். லேசரில் எரித்துவிட்டால் பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. பக்கத்தில் இருக்கிறது, சட்டென்று முடிந்துவிடும் என்றுதான் உங்களுக்கு அந்த யோசனை வந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்பாவுக்கு மூக்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு புடைப்பு. ஷேவ் செய்யும்போது கீறி ரத்தம் வரும், பொருக்குத் தட்டும், பொருக்கு உதிர்ந்ததும் ஆறிவிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் மறுபடியும் ரத்தம். வலி இல்லை, அரிப்பு இல்லை, அதனால் அவர் கண்டுகொள்ளவில்லை. ஆறி ஆறித் திரும்ப வருவதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு தோல் அழகு மையத்துக்குப் போனோம். பார்த்த மாத்திரத்தில் "மருதான், இப்பவே லேசர் வெச்சுடலாம்" என்றார்கள். "எரிச்ச பிறகு லேபுக்கு என்ன அனுப்புவீங்க?" என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் லேப் எதுக்கும்மா" என்று பதில் வந்தது. அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

எங்கள் குடும்ப டாக்டர் ஒரு கடிதம் கொடுத்து, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த தோல் மருத்துவர், உள்ளங்கையில் அடங்கும் விளக்கு வைத்த லென்ஸ் ஒன்றை மூக்கில் வைத்துப் பார்த்தார். டெர்மாஸ்கோப் என்பது அதுதான். என்னையும் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்கு மருவாகத் தெரிந்த இடத்தில் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் ரத்த நாளங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, முனையில் வட்டமான பிளேடு உள்ள பேனா மாதிரி கருவியை அழுத்தித் திருகி, துளியூண்டு தோலை எடுத்து ஃபார்மலின் பாட்டிலில் போட்டார்கள். பயாப்சி என்பது இதுதான். ஒரு தையல். பாட்டிலில் ஒட்டிய பெயரையும் "இடது மூக்கு" என்று எழுதியிருந்ததையும் நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். நீங்களும் படியுங்கள்.

ரிப்போர்ட்டில் பேசல் செல் கார்சினோமா என்று வந்தது. தோல் புற்றுநோய்களில் அதிகம் வருவது இதுதான். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அபூர்வம், ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்தையே அரித்துக்கொண்டு போகும். சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். அதையும் லேபுக்கு அனுப்பி, ஓரங்களில் நோய் இல்லை என்று உறுதி செய்தார்கள்.

இந்த அலைச்சலில் என்னை வதைத்தது வேறு விஷயம். போன இடத்திலெல்லாம் அப்பாவிடம் யாரும் பேசவில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், "பெரியவருக்கு என்ன வயசு, சுகர் இருக்கா" என்று என்னிடம் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். வயதானவரின் உடம்பைப் பற்றி அவரிடமே கேளுங்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் மச்சத்துக்கு வருகிறேன். மச்சத்தில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: ஒரு பாதி மறு பாதி போல இல்லாமல் இருப்பது, ஓரம் பிசிறாக இருப்பது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக, மாறிக்கொண்டே இருப்பது. மாறுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். மெலனோமா, அதாவது மச்சம் போலத் தெரியும் ஆபத்தான தோல் புற்றுநோய், என்று சந்தேகம் வந்தால், பெரும்பாலும் மச்சத்தை முழுசாகவே எடுத்து அனுப்புவார்கள். அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் அளந்துதான் அடுத்த சிகிச்சையை முடிவு செய்வார்கள். எரித்துவிட்டால் அந்த அளவே கிடைக்காது.

கறுத்த தோலுக்கு இதெல்லாம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் போன்ற நிறத்தவருக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் விரலில் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்தார்.

நான் டாக்டர் இல்லை. பீதியைக் கிளப்புகிறேன் என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: மச்சம், மரு, வயதானால் வரும் கறுப்புத் தடிப்பு எல்லாம் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. லேசரே கூடாது என்றும் சொல்லவில்லை. தோல் மருத்துவர் பார்த்து, சாதாரணம் என்று சொன்ன பிறகு அழகுக்காக எடுப்பது உங்கள் விருப்பம்.

போவதற்கு முன்னால் போன் போட்டுக் கேளுங்கள்: பார்ப்பவர் தோல் மருத்துவரா, டெர்மாஸ்கோப் இருக்கிறதா, பயாப்சி அங்கேயே எடுப்பார்களா, எந்த லேபுக்கு அனுப்புவார்கள். தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். பக்கத்தில் தோல் மருத்துவரே இல்லையென்றால் பொது மருத்துவரிடம் காட்டிக் கடிதம் வாங்குங்கள், "மாறுகிறது" என்ற வார்த்தையை அதில் எழுதச் சொல்லுங்கள். முதுகு உங்களுக்குத் தெரியாது, அதனால் வீட்டில் யாரையாவது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போய், இடையில் ரத்தம் கசிந்தாலோ புண்ணானாலோ, அதைச் சொல்லி முன்கூட்டியே பார்க்கக் கேளுங்கள்.