ஈஎஸ்பி32 போர்டில் புரோகிராம் ஏன் ஏற மறுக்கிறது?

ஈஎஸ்பி32 என்ற சிறிய கணினிச் சிப் உள்ள போர்டில் புரோகிராம் ஏற்றும்போது, கணினித் திரையில் ‘கனெக்டிங்’ என்று புள்ளியும் கோடுமாக ஓடிவிட்டு, கடைசியில் பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறதா? ஃபர்ம்வேர் என்பது ஃபிளாஷ் நினைவகத்தில் குடியிருக்கும் புரோகிராம். அதை மாற்றி எழுத, சிப் முதலில் ‘டவுன்லோட்’ நிலைக்குப் போக வேண்டும்.

ரீசெட் ஆகி எழும் கணத்தில் சிப் தன் கால்களில் ஒன்றான ஜிபிஐஓ 0 பின்னை ஒரே ஒரு தடவை பார்க்கும். அது கிரவுண்டோடு (மின்சுற்றின் பூஜ்ய வோல்ட் பக்கம்) சேர்ந்திருந்தால் புதிய புரோகிராமுக்குக் காத்திருக்கும். இல்லாவிட்டால் பழையதையே ஓட்டும். ரயில் வருவதற்கு முன் தண்டவாளத்தை மாற்றிவிடுவது போலத்தான். வண்டி கடந்த பிறகு லீவரை இழுத்துப் பயனில்லை.

பெரும்பாலான போர்டுகளில் யூஎஸ்பி சீரியல் சிப்பும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் இதைத் தானாகவே செய்துவிடும். சிலவற்றில் நேரம் தப்பும். அப்போது பூட் பட்டனை (ஜிபிஐஓ 0-ஐக் கிரவுண்டோடு சேர்ப்பது) அழுத்திப் பிடித்தபடி ஈஎன் பட்டனை (ரீசெட் செய்வது) ஒரு தட்டு தட்டி, அப்புறம் பூட்டை விடுங்கள். எப்போதும் இதே தொல்லை என்றால் ஈஎன்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (பிளஸ் கால் ஈஎன் பக்கம்) வையுங்கள். பல போர்டுகளில் அதோடு சரியாகிவிடும். ஜிபிஐஓ 0-இல் சென்சார் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

கணினியில் சீரியல் போர்ட்டே (போர்டோடு பேசும் இணைப்பு) தெரியவில்லையா? அது வேறு கதை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம், போர்டிலுள்ள யூஎஸ்பி சீரியல் சிப்புக்கான (சிபி2102 அல்லது சிஎச்340) டிரைவர் கணினியில் இல்லாமல் இருக்கலாம். லைட் எரிவதை நம்பாதீர்கள்; அதற்கு மின்சாரம் வந்தாலே போதும்.

தப்பான புரோகிராம் ஏற்றியதால் போர்டே செத்துவிட்டது என்று பலர் தூக்கிப் போடுகிறார்கள். டவுன்லோட் நிலைக்கான நிரல் சிப்பின் ரோமில் (மாற்றி எழுத முடியாத நினைவகம்) இருக்கிறது. உங்கள் புரோகிராமால் அதை அழிக்க முடியாது.