குவாண்டம் புள்ளிகளின் சராசரி அளவு சரியென்றால் போதாதா?

கேட்கப்பட்ட கேள்வி: "குறைகடத்திக் குவாண்டம் புள்ளிகளின் நிறம் அளவைப் பொறுத்தது என்கிறார்கள். சராசரி அளவு சரியாக இருந்தால் நிறமும் சரியாக வருமே, அளவுப் பரம்பலை ஏன் பெரிதுபடுத்துகிறார்கள்?"

போதாது. குவாண்டம் புள்ளி என்பது சில நனோமீற்றர் அளவேயான குறைகடத்திப் பளிங்குத் துணுக்கு. அளவுப் பரம்பல் என்பது அந்தத் துணுக்குகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. கிளிநொச்சியில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். 2023 இல் பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் மூவருக்கும் இந்தப் புள்ளிகளுக்காக இரசாயனவியல் நோபல் கிடைத்ததிலிருந்து பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள். மொட்டைக்கறுப்பனையும் சம்பாவையும் ஒரே உலையில் போட்டுவிட்டு, சராசரி நேரம் பார்த்து இறக்கினால் சோறு எப்படி இருக்கும்?

சரி, கணக்குக்கு வருவோம். நனோமீற்றர் அளவுப் பளிங்குக்குள் அடைபட்ட இலத்திரனின் மேலதிக சக்தி, ஆரையின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதமாக மாறும். அதாவது ஆரையில் 5% வித்தியாசம் வந்தால் அந்தச் சக்தியில் ஏறத்தாழ 10% வித்தியாசம் வரும். ஒளிரும்போது வெளிவரும் சக்தியைத் தீர்மானிப்பது பட்டை இடைவெளி, அதாவது இலத்திரன் தாண்ட வேண்டிய சக்தி இடைவெளி. கட்மியம் செலனைட்டின் பெருந்துண்டுக்கு அது 1.74 இலத்திரன் வோல்ற்று. 530 நனோமீற்றரில் பச்சையாக ஒளிரும் புள்ளிக்கு 2.34. இடையிலுள்ள 0.6 தான் அடைபட்டதால் வந்த பங்கு. அதில் 10% என்றால் அலைநீளம் இரு பக்கமும் சுமார் 14 நனோமீற்றர் நகரும். 620 இல் சிவப்பாக ஒளிரும் பெரிய புள்ளிக்கு அதே 5% கொடுத்துப் பாருங்கள், 8 நனோமீற்றர்தான் வரும். எளிய சூத்திரம் உண்மையை விடக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். ஆனால் சின்னப் புள்ளிகளில்தான் பிழை பெரிதாகத் தெரியும் என்பது மாறாது.

ஏ9 வீதிக் கடைகளில் கியூலெட் என்று போட்டு விற்கும் ரீவிகளில் நீல ஒளியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றுவது இந்தப் புள்ளிகள்தான். பரம்பல் அகன்றால் பச்சை மஞ்சள் பக்கம் வழியும். வயல் காட்சி வெளிறித் தெரியும். வெள்ளை விளக்குக்கு இது அவ்வளவு பெரிய குறையில்லை என்பேன்.

இன்னொரு விளைவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புள்ளிகளை நெருக்கமாக அடுக்கினால் சின்னது தன் சக்தியைப் பக்கத்திலுள்ள பெரியதிடம் கொடுத்துவிடும். அதனால் திண்மப் படலம், கரைசலை விடச் சிவப்புப் பக்கம் ஒளிரும். ஈய சல்பைட்டுச் சூரியக் கலங்களில் நிலைமை இன்னும் மோசம். பட்டை இடைவெளி குறைந்த பெரிய புள்ளிகள் குழிகள் போல மின்னேற்றங்களைப் பிடித்து வைக்கும், வோல்ற்றளவு இறங்கும்.

பரம்பல் அடுப்பிலேயே தீர்மானமாகிறது. 1993 இல் பவெண்டி குழு சூடான கரைப்பானில் மூலப்பொருளைச் சட்டென்று செலுத்தியது. பளிங்கு வளரத் தொடங்கும் கருக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்தால் வளர்ச்சியும் ஒத்துப்போகும். கரைசலில் பொருள் தாராளமாக இருக்கும்வரை சின்னவை வேகமாக வளர்ந்து பெரியவற்றை எட்டிப் பிடிக்கும். பொருள் குறைந்தால் கதை தலைகீழ்: சின்னவை கரையும், பெரியவை இன்னும் பெருக்கும். ஆகவே எப்போது ஆறவிடுவது என்பதுதான் கைப்பக்குவம்.

பரம்பலை அறிய, புள்ளிகள் எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்ற வரைபில் சக்தி குறைந்த பக்கத்தில் வரும் முதல் முடியின் அகலத்தைப் பாருங்கள். கூராக இருந்தால் நல்லது. ஆனால் அளவு எவ்வளவு ஒத்திருந்தாலும் அறை வெப்பநிலையில் தனிப் புள்ளிக்கே ஓர் அகலம் உண்டு, பளிங்கின் அதிர்வுகள் சும்மா விடாது. கட்மியம் நச்சு என்று இந்தியம் பொஸ்பைட்டுக்கு மாறுகிறவர்களுக்கு வேலை இன்னும் கடினம். அங்கே இலத்திரனின் பயன்படு திணிவு (பளிங்குக்குள் அது நடந்துகொள்ளும் விதத்துக்கேற்ற திணிவு) குறைவு என்பதால் புள்ளியின் அளவில் வரும் அதே வித்தியாசம் நிறத்தை இன்னும் கூடுதலாக நகர்த்திவிடும்.