இரண்டு லட்ச ரூபாய் பிஸ்டல் என் மகளுக்குத் தேவையா?

துப்பாக்கி சுடும் விளையாட்டு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பிஸ்டல் பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: மேடம், எனக்கு விசைத்தறித் தொழில். மகளுக்கு 14 வயது. கிளப் பிஸ்டலை வைத்தே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடுவது) பழகுகிறாள். 60 ஷாட்டில், 600 புள்ளிக்கு 530 பக்கத்தில் அடிக்கிறாள். சொந்த பிஸ்டல் வாங்கிக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்கிறார்கள். டீலரிடம் கேட்டால் ஸ்டெயர் எல்பி-2 ஒன்றேகால் லட்சம், மொரினி இரண்டு லட்சத்துக்கும் மேல் என்கிறார். கூடப் பழகும் பிள்ளைகள் மொரினி வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கியாவது நல்லதையே வாங்கிவிடலாமா?
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: கடன் வாங்காதீர்கள். எல்பி-2 போதும். மிச்சமாகும் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

விலை கூடினால் குண்டு இன்னும் துல்லியமாகப் போகும் என்றுதான் பெற்றோர் பலரும் நினைக்கிறார்கள். போட்டிக்கென்று செய்யப்பட்ட பிஸ்டல்களில் அப்படி இல்லை. நீங்கள் சொன்ன இரண்டில் எதை வேண்டுமானாலும் இடுக்கியில் இறுக்கி வைத்து, அதற்குப் பொருந்தும் பெல்லட்டை (சின்ன ஈயக் குண்டு) போட்டுச் சுட்டுப் பாருங்கள். 10 மீட்டரில் குண்டுகள் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் போகும். இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்குள் போட இரண்டு பிஸ்டலின் பேரலுக்கும் (குண்டு வெளியேறும் குழல்) தாராளமாக முடியும்.

அப்படியானால் உங்கள் மகள் விடுகிற 70 புள்ளிகள் எங்கே போகின்றன? பெரும்பாலும் சைட்டிலும் (குறி பார்க்க பிஸ்டலின் மேலிருக்கும் அமைப்பு) டிரிகரிலும் (சுடும் விசை). முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 32 செ.மீ. இருக்கும். முன் சைட் பின் சைட்டின் பிளவுக்குள் ஒரு மி.மீ. விலகினால் போதும், 10 மீட்டர் தாண்டி அது 30 மி.மீ. விலகலாகப் பெருகிவிடும். ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். ஒரு மி.மீ. பிசகுக்குக் கிட்டத்தட்ட நான்கு புள்ளி போகிறது. கை ஆடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எல்லோர் கையும் ஆடத்தான் செய்யும். கை ஆடினாலும் இரண்டு சைட்டும் ஒரே கோட்டில் நின்றால் ஒன்பதுக்குக் கீழே போவது அபூர்வம். இந்தக் கட்டுப்பாடு எந்தப் பெட்டியிலும் அடைத்து வருவதில்லை.

இதைச் சொல்வதால் மலிவான பிஸ்டல் எதுவானாலும் சரி என்று அர்த்தமில்லை. ஸ்பிரிங் பிஸ்டல் வாங்கவே வாங்காதீர்கள். சுடும்போது உள்ளே பிஸ்டன் முன்னே ஓடி முட்டுகிற அதிர்ச்சி, குண்டு வெளியேறும் முன்பே பிஸ்டலை அசைத்துவிடும். ரஷ்யாவின் பைக்கால் ஐஇசட்எச்-46 வேறு ரகம். அதில் ஸ்பிரிங் கிடையாது, நெம்புகோலை ஒரு முறை மடக்கிக் காற்றை அமுக்க வேண்டும். பேரல் அருமையானது, ஒரு தலைமுறையே அதில் பழகி வந்திருக்கிறது. ஆனால் 60 ஷாட்டுக்கும் 60 முறை அந்த நெம்புகோலை மடக்குவது 14 வயதுப் பெண்ணின் தோளுக்குப் பெரிய வேலை. அதனால்தான் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டரோடு வரும் பிஸ்டல் என்கிற படிக்கு நீங்கள் செலவு செய்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதற்கு மேல் இருக்கும் படிதான் கேள்வி.

மேல் படியில் காசுக்குக் கிடைப்பது என்ன? முதலில் டிரிகர். மொரினி சிஎம் 162இஐ பிஸ்டலில் டிரிகர் எலக்ட்ரானிக், பேட்டரியில் இயங்குவது. உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசி விடுபடும் இடம் இல்லாததால், இழுப்பு முதல் ஷாட்டிலும் அறுபதாவது ஷாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்தது அதிர்வு. ஸ்டெயர் கம்பெனியின் இன்னொரு மாடலான எல்பி-10இல் உள்ளே நகரும் ஒரு சின்ன எடை, சுடும்போது வரும் உதைப்பை வாங்கிக்கொள்ளும். எல்பி-2இல் அது கிடையாது. ஷாட் போன பிறகு முன் சைட் துள்ளாமல் நின்றால், தான் செய்தது சரியா தவறா என்று சுடுபவருக்கே தெரியும். இவை விளம்பரத்துக்குச் சொல்வதில்லை, நிஜமான வசதிகள். ஆனால் 560ஐ நிலையாகத் தாண்டுகிற ஒருவருக்குத்தான் இந்த நுணுக்கம் ஸ்கோராக மாறும். 530இல் இருக்கும் குழந்தைக்கு மாறாது.

டிரிகரில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஏர் பிஸ்டல் டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன் பிஸ்டலைச் செங்குத்தாக மேல் நோக்கிப் பிடித்து, டிரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். கிளப் பிஸ்டல்களில் பல கை பட்டு இழுப்பு கனத்துப்போயிருக்கும், நடுவில் சொரசொரவென்று தடுக்கும். அதில் பழகும் பிள்ளை எப்போது விடுபடும் என்று தெரியாமல் வெடுக்கென்று இழுக்கும். வலது கைக்காரராக இருந்தால் ஷாட் கடிகாரத்தில் ஏழு, எட்டு இருக்கும் பக்கம், அதாவது கீழ் இடது மூலையில் போய் விழும். உங்கள் மகளின் இலக்குத் தாள்களை எடுத்துப் பாருங்கள். ஓட்டைகள் அந்தப் பக்கமாகவே குவிந்திருந்தால், எல்பி-2இன் டிரிகரை அவளுக்கேற்ப அமைத்துக் கொடுத்தாலே மாற்றம் தெரியும்.

இப்போது மிச்சப் பணம். முதல் செலவு கிரிப், அதாவது கைப்பிடி. டிரிகரைத் தவிர பிஸ்டலில் கையைத் தொடும் பாகம் அது ஒன்றுதான், ஆனால் கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பெட்டியில் வருகிற அளவு சிறிய கைக்குப் பெரிதாக இருந்தால், ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகர் மேல் நேராக உட்காராது, எட்டிப் பிடிக்கும். எட்டிப் பிடிக்கும் விரல் பின்னால் இழுக்காது, பக்கவாட்டில் தள்ளும். சரியான அளவில் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, இடைவெளி விழும் இடத்தில் மரப் புட்டி வைத்தும், அழுத்தும் இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் அவள் கைக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். ஒரே உட்காரலில் முடியாது. கொஞ்சம் தேய்ப்பது, சில நாள் சுடுவது, மறுபடி தேய்ப்பது என்று போகும். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, கண் திறக்கும்போது இரண்டு சைட்டும் தாமாகவே நேராக நின்றால் கிரிப் உட்கார்ந்துவிட்டது. இன்னொருவர் கைக்குச் செதுக்கிய கிரிப்போடு இருக்கும் மொரினியை விட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது பெல்லட். 4.48, 4.49, 4.50 மி.மீ. என்று தலை அளவு மாறும், தயாரிப்பு வரிசைக்கு வரிசையும் மாறும். சில டப்பாக்களை வாங்கி பேரலுக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்த்து, அதையே மொத்தமாக எடுத்து வையுங்கள். பெல்லட் தீர்ந்துவிடுமே என்று கணக்குப் பார்த்துச் சுடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். எஞ்சிய பணம் மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போய்வர.

வாங்குமுன் கேட்க வேண்டியது: பழுதானால் யார் சரிசெய்வார், உதிரி பாகம் ஊரில் கிடைக்குமா? 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, சரிசெய்வதிலேயே பொன்னான நிமிடங்கள் போயின. 575 எடுத்தார், இறுதிச் சுற்றுக்குப் போகும் கடைசி இடமான எட்டாம் இடம் 577. இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று போனது. உலகத்தின் முன்வரிசையில் இருப்பவருக்கே அந்த நிலைமை. பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்று அவர் அதற்கு ஈடுகட்டினார், அது வேறு கதை.

செகண்ட்ஸில் கிடைத்தால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள், அதைத் தாண்டியதைப் போட்டியில் பயன்படுத்த முடியாது. லைசென்ஸ் பற்றிய கவலை வேண்டாம். 4.5 மி.மீ. அளவில், சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாத ஏர் ஆயுதங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இந்தப் பிஸ்டல்கள் அதில் பாதியைக்கூட எட்டாது. பில் மட்டும் பத்திரம்.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் ஒருவர் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, எந்த உபகரணமும் இல்லாமல் வெள்ளி வாங்கினாரே? அப்படியானால் இந்த விலையெல்லாம் வீண்தானே?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: யூசுப் டிகேச்சைச் சொல்கிறீர்கள். கண்ணுக்கு மறைப்பும் விசேஷ லென்ஸும் போடாமல், சாதாரணக் கண்ணாடியோடு நின்றார். கையில் இருந்ததோ முதல் தரமான போட்டி பிஸ்டல். பாக்கெட்டில் கை விடுவதும் புதிதல்ல, ஏர் பிஸ்டலை ஒரே கையால்தான் சுட வேண்டும், மற்றக் கை ஆடாமலிருக்க எல்லோரும் எங்காவது செருகிக்கொள்வார்கள். அப்போது அவருக்கு வயது 51, 2008 முதல் ஒலிம்பிக்கில் சுட்டு வருபவர். படத்தில் தெரியாதது அந்த வருடங்கள்தான்.

கேள்வி: தற்காப்புக்கான லைசென்ஸ் இருக்கிறது. ஒருவர் பழைய வால்தர் பிபிகே என்ற ஜெர்மன் பிஸ்டலைப் பல லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். நம் நாட்டு .32 (அங்குல அளவுத் தோட்டா) பிஸ்டல் அதைவிட எவ்வளவோ மலிவு. வெளிநாட்டுத் தரத்துக்காக அந்த விலை கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அந்த விலை தரத்துக்கானது அல்ல, தட்டுப்பாட்டுக்கானது. எண்பதுகளின் நடுவிலிருந்து தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வதை அரசு அடைத்துவிட்டது. விளையாட்டு வீரர்களுக்குத்தான் விலக்கு. அதனால் அதற்கு முன் நாட்டுக்குள் வந்தவை மட்டுமே கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டிருக்கின்றன. இதே பிஸ்டல் ஜெர்மனியில் இந்த விலைக்குப் போகாது. நாற்பது வருடம் தாண்டிய ஸ்பிரிங், தேய்ந்த மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு), கிடைக்காத உதிரி பாகம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். தற்காப்புக்கு வேண்டியது, இழுத்தால் தவறாமல் சுடுவதும், ஊரிலேயே பழுது பார்க்க முடிவதும். அதற்கு அரசுத் தொழிற்சாலையின் .32 போதும். விலை வித்தியாசத்தில் ஒரு சிறு பங்கை ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடம்) தோட்டாவுக்குச் செலவழியுங்கள். லைசென்ஸ் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்து ஒரு முறைகூடச் சுட்டுப் பழகாதவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

குடும்பத்தில் வந்த பொருள் என்று ஆசையோடு வாங்குபவர்கள் உண்டு, அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. எப்படி இருந்தாலும், விற்பவர் 45 நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.