பெயருக்கு முன்னால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பில் ஒரு மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவன் நான். எங்கள் சபையில் மரித்தவர்களின் நினைவாக ஒரு மலர் வெளியிடத் தீர்மானித்திருக்கிறோம். அடக்கப் பதிவேட்டிலிருந்து 300-க்கும் மேற்பட்ட பெயர்களை எடுத்துவிட்டோம். ஒருவருக்கு எத்தனை வரி ஒதுக்கலாம்? அகரவரிசையா, இறந்த தேதி வரிசையா? இடையில் வேறு சபைகளுக்குப் போய்விட்டவர்களைச் சேர்க்கலாமா? அச்சுச் செலவை ஏற்கும் குடும்பங்களுக்கு முழுப் பக்கம் கொடுக்கலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். நாங்கள் எழுதிய நான்கு குறிப்புகளை இணைத்திருக்கிறேன். திருத்தித் தந்து, மாதிரிக்கு நீங்களும் ஒன்று எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

போன மாதம் பழைய பெட்டி ஒன்றைக் கிளறியபோது, பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஓர் அடக்க ஆராதனைத் துண்டுப்பிரசுரம் கையில் கிடைத்தது. அன்றிலிருந்து மனம் சரியில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வருகிறது.

முதலில் உங்கள் நான்கு குறிப்புகள். பெயர்களை இடம் மாற்றிப் போட்டுப் படித்துப் பார்த்தேன். ஒன்றுமே கெடவில்லை. நால்வரும் பக்தியுள்ளவர்கள். நால்வரும் சபையின் தூண்கள். நால்வரும் இன்முகத்துடன் பழகி, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஒரு சபையில் இத்தனை தூண்கள் இருந்தால் கூரை ஏன் ஒழுகுகிறது? அப்படிப்பட்ட கூரையின் கீழ் நனைந்து வளர்ந்தவன் நான், அதனால் கேட்கிறேன்.

தேதி வரிசையில் போடுங்கள். அகரவரிசை டெலிபோன் புத்தகத்துக்கு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை என்ற தேதி எத்தனை பெயர்களுக்கு நேரே வருகிறது என்று உங்கள் பிள்ளைகள் விரல் வைத்து எண்ணிப் பார்க்கட்டும். வேறு சபைக்குப் போனவர்களைச் சேர்க்கலாமா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறார்கள் அல்லவா, சேருங்கள். வரிக்கணக்கை அச்சகத்தில் கேளுங்கள்.

முழுப் பக்க விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1791-ல் இறந்தார். தன் அடக்கத்தைப் பற்றி உயிலில் அவர் எழுதி வைத்ததை உங்கள் குழுவினர் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். ஆறு ஏழைகள் தன் உடலைச் சுமக்க வேண்டும், அவர்களுக்கு ஆறு பவுண் பணத்தைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும், சவ வண்டியும் ஆடம்பரமும் கூடாது, தன்னை நேசித்தவர்களின் கண்ணீர் போதும் என்கிறார். 1778-ல் அவர் தொடங்கிய மாதப் பத்திரிகையில் போதகர்களோடு சாதாரண விசுவாசிகளின் வாழ்வும் சாவும் அச்சேறின. அவர்கள் வாழ்ந்த விதம்தான் அவர்களுக்கு அந்தப் பக்கங்களை வாங்கிக் கொடுத்தது. அந்த வழியில் வந்த சபை இன்று மரித்தவர்களுக்குப் பக்கத்தை விலைக்கு விற்கிறது!

உங்கள் ஊர் வாவிக்கரையில் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்டுக்குச் சிலை இருக்கிறது. 1814-ல் வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, ஒரு வருடம்கூட நிறையாமல் 1815 ஏப்ரலில் இறந்தவர். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அவரைத் தெரியும். இலங்கைக்கு வரும் வழியிலேயே அவருடைய மனைவி கப்பலில் இறந்துபோனார். மிஷனரிகளை அழைத்துவந்த தோமஸ் கோக்கும் 1814 மே மாதம் இந்து சமுத்திரத்தில் இறந்தார். கோக்கைப் பற்றித் தனிப் புத்தகங்கள் இருக்கின்றன. நான் படித்த விழா மலர்களிலோ அந்தப் பெண் ‘திருமதி ஓல்ட்’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துபோகிறார். உங்கள் நான்கு குறிப்புகளிலும் பெண்கள் இருவர். இருவருமே ‘அன்பான மனைவி, பாசமுள்ள தாய்’. அவ்வளவுதானா ஐயா?

வேதாகமத்தில், யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது விதவைகள் என்ன செய்தார்கள்? அவள் பக்தியுள்ளவள் என்று பேதுருவிடம் பிரசங்கம் செய்யவில்லை. அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை அழுதுகொண்டே எடுத்துக் காட்டினார்கள். ஒருவரைப் பற்றி எழுதும் வரி இன்னொருவருக்குப் பொருந்தக் கூடாது. பொருந்தினால் அடித்துவிடுங்கள். பெயரடைகளையெல்லாம் அடித்துவிட்டு, அந்தக் கைகள் என்ன செய்தன என்று எழுதுங்கள். யார் மணி அடித்தார், யார் பாய் விரித்தார், கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் யார் புல் செதுக்கினார்.

எங்கள் சபையில் ஒரு மாமி இருந்தார். அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணைக்கு மெதடிஸ்தர்கள் புளித்த மது வைப்பதில்லை. சனிக்கிழமை பின்னேரம் மாமி முந்திரிகை வற்றலைக் கழுவி, ஊறவைத்து, மண்சட்டியில் அவித்து, வெள்ளைத் துணியில் வடிப்பார். (தமிழ்நாட்டு வாசகர்கள் முந்திரிப்பருப்பு என்று எண்ண வேண்டாம். எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை.) பிழிந்த சக்கை பிள்ளைகளான எங்களுக்கு. மறுநாள் கோயிலில் முழங்காலில் இருக்கும்போது, சின்னக் கிண்ணத்து இரசத்தில் விறகுப்புகை இலேசாக மணக்கும். இப்போது எங்கே நற்கருணை எடுத்தாலும் அந்தப் புகையைத்தான் நாக்கு தேடுகிறது.

மாமிக்கு ஒரே மகன். 1990-ல் விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு வரவில்லை.

நவம்பரில் மரித்தோரை நினைவுகூரும் ஆராதனைக்கு வீட்டுக்கு வீடு பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். மாமியின் தாளில் ஒவ்வொரு வருடமும் கணவர் பெயர் மட்டுமே இருக்கும். ஒருமுறை, எனக்கு அப்போது பதினேழு வயது, புதிதாக வந்த குருவானவர் நல்லெண்ணத்தில் மகனின் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டார். மாமி எழுந்தார். ஒரு சொல் பேசவில்லை. நடு வழியாக நடந்து வெளியே போனார். அடுத்த நற்கருணைக்கு இரசம் வந்தது, மாமி வரவில்லை. மூன்று மாதம் அப்படியே நடந்தது. குருவானவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வந்தார்.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தவன். 2011-ல் மாமி இறந்தபோது, எழுதுகிற பிள்ளை என்று துண்டுப்பிரசுரத்தை என்னிடம் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். அன்பான மனைவி, பாசமுள்ள தாய், சபையின் தூண் என்றெல்லாம் நானும்தான் எழுதினேன். மகனின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டேன். யோசிக்கவே இல்லை. அப்படித்தானே எல்லோரும் எழுதுகிறார்கள்? 21 வருடம் அந்தப் பெண் யாரையும் சொல்ல விடாத சொல்லை, அவர் பெட்டியில் கிடக்கும்போது 200 பிரதி அடித்துக் கோயில் வாசலில் விநியோகித்தேன்.

மாமியின் தங்கை அந்தத் தாளை வாங்கிப் படித்தார். “அவன் செத்துப்போனான் என்று உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

உங்களைத் திட்டியதில் பாதி எனக்கு உரியது. வருத்தப்படாதீர்கள். மாதிரி கேட்டிருந்தீர்கள். அன்று நான் எழுதியிருக்க வேண்டியது இது:

‘எங்களுக்கு இவர் முந்திரிகை மாமி. முப்பது வருடங்களுக்கு மேல் நற்கருணை இரசம் வடித்தார். விறகு ஈரமாக இருந்தால் அவர் திட்டுவது பாட்டுக்குழு ஒத்திகை வரை கேட்கும். கீர்த்தனையைத் தாளம் தப்பி, சத்தமாகப் பாடுவார். கணவர் முன்பே இறந்துவிட்டார். மகனுக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு சட்டை தைத்து வைத்தார். வயது ஏறுகிறது என்று வயிற்றுப் பக்கம் வருடா வருடம் கொஞ்சம் அகலம் கூட்டினார். அலுமாரியில் 21 சட்டைகள் இருக்கின்றன.’

இதற்குக் கீழே மகனின் பெயர் வரும். உங்கள் 300 பேரின் குடும்பங்களிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். அவர்கள் பெயருக்கு முன்னால் ஒன்றும் போடாதீர்கள். அச்சுக்கோர்ப்பவர்கள் பழக்கதோஷத்தில் தாங்களாகவே சேர்த்துவிடுவார்கள். மெய்ப்பை நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.